கன்சாஸ் வாசாப்பு

பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற வருடங்களில் நான் மன்னார்க் கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பித்தேன். என் வீடு மன்னார்த் தீவில். கிழமை நாட்களில் ஊரிலேயே, கோயில் வளவுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கினேன். ஊருக்கு வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு தெருக்கள். இரண்டும் கத்தோலிக்கத் தெருக்கள், இரண்டும் கடல் தொழில் செய்தன, இரண்டும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தன. கோயில் நடுவில் இருந்தது. நான் எந்தத் தெருவையும் சேராதவன் என்பதால் இரண்டு தெருவும் என்னை ஓரளவு நம்பின.

திருவிழாவுக்கு மறுநாள் வாசாப்பு போடுவது அங்கே வழக்கம். வாசாப்பு என்றால் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் ஆடும் பாட்டுக்கூத்து. பெரும்பாலும் ஒரு புனிதரின் கதையாக இருக்கும். ஆனால் புனிதராக ஆட ஊரில் ஆள் பிடிப்பது கஷ்டம். புனிதருக்கு ஒரு காவி அங்கியும் பாதிக் கதையில் சாவும்தான் உண்டு. அவரைக் கொல்லும் அரசனுக்கு வெல்வெட்டு உடுப்பு, வாள், முடி, கடைசிவரை பாட்டு. எனவே எல்லோரும் அரசராகவே விரும்பினார்கள். இரண்டு தெருவுக்கும் சம எண்ணிக்கையில் முடி என்பது எழுதாத சட்டம். நான் போவதற்கு முந்திய வருடம், கதையில் இல்லாத சிற்றரசன் ஒருவன் எப்படியோ ரோமாபுரிக்குள் வந்துவிட்டான். அவன் தெற்குத் தெரு. அதிலிருந்து பல மாதங்களுக்கு இரண்டு தெருவும் பூசைக்கு வந்து கோயிலின் இரண்டு பக்கத்தில் இருந்தன. பூசை நடுவே சமாதானம் சொல்லும் கட்டத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுக்கவில்லை.

பங்குச் சுவாமியார் இரண்டு தீர்மானங்களைப் பூசைக்குப் பிறகு வாசித்தார். முதலாவது: மேடையில் ஒரு தெரு எதைச் செய்தாலும் மற்றத் தெருவுக்கும் அதைச் செய்ய உரிமை உண்டு, முடி, பாட்டு, கதிரை, மாலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டாவது: இந்த வருடம் புனிதர் கதை கிடையாது. ஊரில் எவருக்கும் பங்கில்லாத ஒரு சரித்திரக் கதையை மாஸ்டர் எழுதுவார்.

மாஸ்டர் என்றது என்னை. அந்தப் பள்ளித் தவணையில் மேல்வகுப்புக்கு நான் படிப்பித்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் உள்நாட்டுப் போருக்கு முந்திய காலம். புது நிலங்களுக்கு அடிமை முறை போகலாமா கூடாதா என்ற சண்டை. அதையே சொன்னேன்.

"இதிலை எங்கடை ஆக்கள் ஆரும் சம்பந்தப்பட்டிருக்கினமோ?" என்று சுவாமியார் கேட்டார்.

"இல்லை, சுவாமி."

"கத்தோலிக்கர்?"

"அங்கொண்டு இங்கொண்டு."

"புனிதர் எவரும்?"

"அந்தச் சண்டையிலை இல்லை, சுவாமி."

"அப்ப எழுதுங்கோ."

பங்கு மண்டபத்தின் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் அமெரிக்காவைக் கீறி, இரண்டு தெரு ஆட்களுக்கும் கதையை விளக்கினேன். வடக்கு மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்துவிட்டது. தெற்கில் பருத்தித் தோட்டங்களில் இருந்தது. நாடு மேற்கே பரவப் பரவப் புது மாநிலங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மேற்சபையில் இரண்டு இடம் என்பதால், அடிமை மாநிலம் ஒன்று சேர்ந்தால் அடிமையில்லா மாநிலம் ஒன்றும் சேரவேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். மிசூரியைச் சேர்த்தபோது மேயினையும் சேர்த்தார்கள். நாட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு கீறி, அதற்கு வடக்கே கிடந்த மிச்ச நிலத்துக்கு அடிமை முறை வரக்கூடாது என்றார்கள். பிறகு கன்சாஸ் என்ற நிலம் வந்தபோது, அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அங்கே குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார்கள். சண்டை அங்கேதான் முற்றியது.

இதை விளங்கிக்கொள்ள என் மாணவர்களுக்கு இரண்டு கிழமை பிடித்தது. மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இதிலை விளங்க என்ன கிடக்கு, மாஸ்டர்?" என்றார் தெற்குத் தெருச் சம்மாட்டியார். ஊரின் பெரிய கரைவலைக்குச் சொந்தக்காரர் அவர். "முடிக் கணக்குத்தானே."

தெற்குத் தெரு தெற்கு மாநிலங்களாகவும் வடக்குத் தெரு வடக்கு மாநிலங்களாகவும் ஆடுவது என்று முடிவாயிற்று. உடனே வடக்குத் தெரு மூப்பர் எழும்பினார். மூப்பர் என்பவர் கோயில் அலுவல்களில் தம் தெருவுக்குத் தலைவர். "தோட்டக்காரருக்கு வெல்வெட்டு, வாள். எங்களுக்கு என்ன உடுப்பு?"

"கறுப்புக் கோட்டு, தொப்பி," என்றேன்.

"அவையளுக்கு முடி, எங்களுக்குத் தொப்பியோ?"

அமெரிக்காவில் அரசரே இல்லை, இரண்டு பக்கத்துக்கும் முடி கிடையாது என்று விளக்கினேன். கூத்துப் பழக்க வந்திருந்த அண்ணாவியார் அதுவரை மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். விடத்தல்தீவுக்காரர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அமெரிக்காவிலை இல்லாட்டி என்ன, மாஸ்டர்? வாசாப்பிலை இருக்கு. முடி இல்லாமல் நான் ஆரைப் பழக்கிறது?"

இப்படித்தான் தென் கரோலினா மகாராசாவும் மசாசூசெட்ஸ் மகாராசாவும் உண்டானார்கள். முன்னவர் சம்மாட்டியார், பின்னவர் மூப்பர். மசாசூசெட்ஸ் தாளத்துக்குள் அடங்கவில்லை. அண்ணாவியார் அதை மாசா தேசம் என்று சுருக்கிக்கொண்டார். பாட்டு எழுதும்போது இன்னொரு சிக்கல் வந்தது. பிழையான பக்கத்துக்கு நியாயம் சொல்ல அதிகம் பாட வேண்டியிருக்கிறது. தெற்குக்குப் பாட்டு நீண்டது. சுவாமியாரின் முதலாவது தீர்மானத்தை மூப்பர் நினைவூட்டினார். வடக்குக்கும் அதே அளவு பாட்டு எழுதினேன். நியாயத்தை ஒரு தரம் சொன்னால் போதும் என்பதால், அதையே வேறு வேறு மெட்டில் சொல்லவேண்டி வந்தது.

பாட்டுக் கொப்பி எழுதி முடிந்தபின் சுவாமியாருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அடிமை எங்கை?" என்றார்.

நான் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தேன். எல்லோரும் அடிமையைப் பற்றிப் பாடினார்கள். அடிமை மேடைக்கு வரவில்லை. அந்த நாட்டு மேற்சபையிலும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். ஒருத்தராவது வரட்டும் என்றார் சுவாமியார்.

தெற்குத் தெருவில் ஆள் கேட்டோம். நாங்கள் எசமானர் பக்கம் என்றார்கள். வடக்குத் தெருவில் கேட்டோம். எங்கள் நாட்டில் அடிமை இல்லையே என்றார்கள். இரண்டும் சரித்திரப்படி சரியான பதில்கள்.

இரண்டு தெருவுக்கும் வெளியே, நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஒரு வீடு இருந்தது. ஊருக்கும் கோயிலுக்கும் உடுப்பு வெளுத்துக் கொடுக்கும் குடும்பம். வீட்டுக்காரரைக் கட்டாடியார் என்று அழைத்தார்கள். வாசாப்பில் அவருக்கு ஒரு வேலை உண்டு. அரசர் எவரும் மேடைக்கு நேரே நடந்து வருவதில்லை. முதலில் வெள்ளைத் துணி ஒன்றைக் குறுக்கே உயர்த்திப் பிடிப்பார்கள். அரசர் அதற்குப் பின்னால் நின்று தன் வரவுப் பாட்டைப் பாடுவார். பாட்டை முடித்து அவரே விரலால் துணியைத் தொட்டதும் திரை இறங்கும், சபை அவரைக் காணும். அவர் தொடும்வரை திரையை இறக்கக் கூடாது. துணியைக் கொண்டுவருவதும் பிடிப்பதும் கட்டாடியாரும் அவருடைய தம்பியும். அவர்களுக்கு முன் அவர்களுடைய தகப்பன். சுவாமியாரின் தீர்மானம் இரண்டு தெருக்களைப் பற்றியது. கிணற்றடி அதில் வரவில்லை.

அண்ணாவியார் அவரை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். "நீர் எப்படியும் மேடையிலை நிக்கிற ஆள்தானே. அடிமையாயும் நில்லுமன்."

"நிக்கலாம்," என்றார் கட்டாடியார். "வரவு இருக்கோ?"

"அடிமைக்கு என்ன வரவு? எசமான் வரேக்கை பின்னாலை வாறதுதான்."

"அப்பிடியெண்டால் நான் திரையைப் பிடிக்கிறன்."

சம்மாட்டியார் சிரித்தார். "வரவு கேக்கிறார். நாளைக்கு முடியும் கேப்பார்."

"முடி வேண்டாம், சம்மாட்டியார். உங்கடை வெல்வெட்டை வருசா வருசம் நான்தான் தொட்டியிலை அமத்தித் தோய்க்கிறன். அதின்ரை பாரம் தெரியும். வரவு மட்டும் போதும்."

அவர் போகும்போது நானும் கூடவே கிணற்றடி வரைக்கும் நடந்தேன். ஏன் வரவு என்று கேட்டேன். காயப்போட்டிருந்த கோயில் விரிப்புகளை மடித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லா அரசரையும் நான் முதுகுப் பக்கத்தாலைதான் பாத்தனான், மாஸ்டர். திரைக்குப் பின்னாலை நிக்கேக்கை அவைக்குக் கால் நடுங்கும். தண்ணி கேப்பினம். ஒருத்தர் என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், ஆரெண்டு சொல்லமாட்டன். திரை இறங்கினா உடனை சிங்கம். எனக்கும் ஒருக்கா அந்தத் திரை இறங்கவேணும். அவ்வளவுதான்."

அன்று மாலையே நாலு அடி எழுதினேன்.

*கூலி இல்லா வயலை விட்டு*
*கோடு கீறிய நாடு விட்டு*
*நாலு திக்கும் பாத்து நானும்*
*நடந்து வந்தேன் சபையோரே*

அண்ணாவியார் அதை இரண்டு மெட்டில் பாடிப் பார்த்தார். இரண்டாவது மெட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. பிடித்தபின் மறுக்க முடியாமல் ஒரு நிபந்தனை போட்டார்: திரை பிடிக்க ஆளைக் கட்டாடியார்தான் கொண்டுவரவேண்டும், தான் ஒருவரையும் கேட்கமாட்டார். திரை இல்லாவிட்டால் வரவு இல்லை.

சாதாரண வருடமாக இருந்தால் தம்பி ஒரு பக்கம் இருந்திருப்பார். ஆனால் தம்பிக்குத் தலைமன்னார்த் துறையில் வேலை கிடைத்து, திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அரசர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு முனையை மேடைக் கம்பத்தில் கட்டிவிட்டு மறுமுனையைக் கட்டாடியார் தனியே பிடித்துக்கொள்வார். அவருக்கு அவரே பிடிக்க முடியாது. ஓர் ஆள் வேண்டும்.

முதலில் சம்மாட்டியாரிடம் போனார். அவருடைய தெருவில் யாராவது ஒருவரைத் தரச் சொல்லிக் கேட்டார். "என்ரை ஆக்கள் வலை பிடிக்கிற ஆக்கள்," என்றார் சம்மாட்டியார். மூப்பர் நன்றாகவே பேசினார். "தெற்குத் தெரு ஒராளைத் தரட்டும். அதுக்குப் பிறகு நாங்களும் யோசிப்பம்." கடைசியாக என்னிடம் வந்தார். நான் பிடிப்பதாகச் சொன்னேன். அண்ணாவியார் விடவில்லை. "கொப்பி பாக்கிறவர் திரை பிடிச்சா, அரசருக்கு அடி மறந்தால் ஆர் எடுத்துக் குடுக்கிறது?" ஒவ்வொரு ஒத்திகையிலும் இரண்டு அரசரும் மறந்தார்கள். அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

இதற்கிடையில் கன்சாஸ் பிரச்சினை வந்தது. கன்சாசை ஓர் இளவரசியாக எழுதியிருந்தேன். இரண்டு மகாராசாக்களும் அவளைத் தம் பக்கம் அழைப்பார்கள், கடைசியில் அவளே தீர்மானிப்பாள். இளவரசியாக ஆடும் ஆண் எந்தத் தெரு என்ற கேள்வி எழுந்தது. வடக்குத் தெரு ஆள் ஆடினால் கன்சாஸ் முதலே வடக்குப் பக்கம் போனமாதிரி ஆகிவிடும் என்றார் சம்மாட்டியார். அவர் சொன்னது உண்மைதான். ஊர் ஆட்கள் வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்று சுவாமியார் சொன்னார். ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் இரண்டு பெட்டி வைத்து, ஆளுக்கு ஒரு சிப்பி கொடுத்தோம்.

அன்று காலை ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு லொறி வந்தது. தெற்குத் தெருவின் மச்சான்மார். சிறிது நேரத்தில் நறுவிலிக்குளத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வடக்குத் தெருவின் சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். சிலர் சிப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஒருவரிடம் எந்த ஊர் என்று சுவாமியார் விசாரித்தார்.

"இங்கை குடியேற யோசிச்சிருக்கிறன், சுவாமி," என்றார் அவர்.

"எப்ப?"

"வாக்குப் போட்டாப் பிறகு."

கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் ஊரில் அத்தனை பேர் இல்லை. மிசூரிக்காரர் எல்லை தாண்டி வந்து கன்சாசில் வாக்களித்துவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனதை நான் அதுவரை எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த கிழமைக்கு வைத்திருந்தேன்.

சுவாமியார் இரண்டு பெட்டியையும் கடலில் கொட்டச் சொன்னார். கூட்டுறவுக் கடை மனேஜரைக் கூப்பிட்டுக் கன்சாசாக ஆடும்படி கேட்டுக்கொண்டார். மனேஜர் உள்பக்கத்து நெல்லுக் கிராமத்து ஆள், சைவக்காரர், பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுபவர். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மீசையை எடுக்கமாட்டார். கன்சாஸ் மீசையோடு வருவதற்கு இரண்டு தெருவும் உடன்பட்டன. அந்த வருடம் அவர்கள் ஒருமித்து உடன்பட்ட விஷயம் அது ஒன்றுதான்.

வாசாப்பு நாள் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. விளக்கு வைத்து விடிய விடிய ஆட வழியில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, கோயிலில் மாலைச் செபத்துக்கான திரிகால மணி அடித்ததும் நிறுத்திவிடவேண்டும் என்பது சுவாமியாரின் கட்டளை. சோளகக் காற்று பலமாக வீசியது. கடல் மேடைக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டியதும் அது பாய்போலப் புடைத்தது. கட்டாடியார் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். மகாராசாக்கள் ஒவ்வொருவராக வரவு பாடி வந்தார்கள். வெய்யிலில் வெல்வெட்டு முதுகில் ஒட்டியிருந்தது. கன்சாஸ் வந்தபோது பெண்கள் பக்கத்தில் நெடுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. மனேஜர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது அடிமையின் வரவு. அது முடிந்ததும் தென் கரோலினா மகாராசா முன்னுக்கு வந்து, அடிமையை வாளால் சுட்டிக்காட்டி, இவன் என் உடைமை, புது நிலத்துக்கும் கொண்டுபோவேன் என்று நீண்ட பாட்டுப் பாடவேண்டும். முழுக் கூத்திலும் சம்மாட்டியார் காத்திருந்த இடம் அது. அண்ணாவியார் வரவுத் தாளத்தைத் தொடங்கினார். தாளம் ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது. ஒருவரும் வரவில்லை. நான் மேடையின் ஓரத்தில் கொப்பியோடு நின்றேன். கட்டாடியார் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் வைத்தபடி பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குச் சாக்கில் உடுப்புத் தைத்துக் கொடுத்திருந்தோம். அதையும் வெளுத்து, மடிப்புப் பிடித்து உடுத்திருந்தார்.

"கட்டாடி, திரையைப் பிடியன்," என்று சனத்திலிருந்து ஒருவர் சொன்னார்.

"பிடிக்கிற ஆள்தானப்பா உள்ளுக்கை நிக்கிறது," என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

அண்ணாவியார் தாளத்தை விடாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வரவு வேண்டாம். சும்மா வாரும்."

"அப்ப நான் வரேல்லை," என்றார் கட்டாடியார். அதுவும் தாழ்ந்த குரல்தான். காற்று அதைச் சபைக்குக் கொண்டுபோயிற்று.

தாளம் நின்றது. முன்வரிசையில் சுவாமியார் சூரியனைப் பார்த்தார். தென் கரோலினா மகாராசா முடியைச் சரிசெய்தார், வியர்வையைத் துடைத்தார், மறுபடியும் முடியைச் சரிசெய்தார். சுட்டிக்காட்ட ஆள் இல்லாமல் அவரால் பாட முடியாது. திரிகால மணிக்கு அதிக நேரமும் இல்லை. கடைசியில் வாளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனார்.

"இஞ்சை கொண்டா," என்று துணியின் முனையைப் பறித்தார். "கெதியாப் பாடி முடி."

துணி உயர்ந்தது. மாசா தேசத்து மகாராசா தன் கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்தார். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, மேடையில் தெற்குத் தெரு தனியே ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. மூப்பர் எழும்பினார்.

"கம்பம் எந்தத் தெரு?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே நடந்துபோய், கம்பத்தில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து, அந்த முனையைத் தான் பிடித்துக்கொண்டார். சுவாமியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அண்ணாவியார் தாளத்தைத் திரும்பத் தொடங்கினார்.

துணிக்குக் கீழே வெறும் பாதங்கள் இரண்டு தெரிந்தன. அவை நடுங்கினவா என்று நான் கவனித்தேன். நடுங்கின. பிறகு குரல் வந்தது. இவ்வளவு காலமும் எல்லா அரசரின் பாட்டையும் பக்கத்தில் நின்று கேட்ட குரல். எந்த இடத்தில் இழுக்கவேண்டும், எந்த இடத்தில் விடவேண்டும் என்பதில் தயக்கம் இல்லை. நாலு அடியையும் நிதானமாகப் பாடினார். முடித்ததும் துணியைத் தொடவில்லை. முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். வரவை எத்தனை தரம் பாடுவது என்பது வருகிறவரின் உரிமை. அண்ணாவியார் மத்தளத்தால் அவரைத் தொடர்ந்தார். பிற்பாட்டுக்காரர் சேர்ந்துகொண்டார்கள்.

சோளகம் துணியை இழுத்தது. மகாராசாக்களின் கைகள் மெல்ல இறங்கத் தொடங்கின. ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவரின் கை இறங்கவில்லை என்று கண்டதும் இவர் உயர்த்தினார், இவர் உயர்த்தியதைக் கண்டு அவரும் உயர்த்தினார்.

"போதும், தொடு," என்றார் சம்மாட்டியார் பல்லுக்குள்.

"மூண்டாந்தரம் பாடினாத்தான் வரவு, சம்மாட்டியார்," என்றது துணிக்குப் பின்னாலிருந்து பதில். "நீங்களும் மூண்டுதரம்தானே பாடினனீங்கள். நான் பிடிச்சனான்."

மூன்றாந்தரமும் பாடினார். அதன் பிறகுதான் துணியின் நடுவில் ஒரு விரல் பதிந்தது. திரை இறங்கியது. மடிப்புக் கலையாத சாக்கு உடுப்போடு அவர் சபையைப் பார்த்து நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கிணற்றடியிலிருந்து வந்து மணலில் கடைசியாக இருந்த அவருடைய மனைவி எழும்பி நின்று பார்த்தார். அவருக்குப் பின்னால் ஆள் இல்லாததால் எவருக்கும் மறைக்கவில்லை.

தென் கரோலினா மகாராசா முன்னுக்கு வந்து வாளை உருவினார். சுட்டிக்காட்டக் கை எழவில்லை. இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு முதல் இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடி மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போது திரிகால மணி அடித்தது. எல்லோரும் எழும்பிச் செபம் சொன்னோம். செபம் முடிந்ததும் சுவாமியார் வெளிச்சம் போய்விட்டது என்று அறிவித்தார். கன்சாஸ் தீர்மானிக்கும் காட்சி நடக்கவில்லை. மனேஜர் சேலையைக் கழற்றி மடித்துக் கட்டாடியாரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.

சரித்திரத்தில் கன்சாஸ் கடைசியில் அடிமையில்லா மாநிலமாகச் சேர்ந்தது. அதை மறுநாள் மேல்வகுப்பில் சொன்னேன். ஊரில் அது இன்றுவரை எந்தப் பக்கமும் சேரவில்லை.